மில்லில் பறக்கும் பில், மண்டியில் ஏன் ஊர்கிறது?

கேள்வி: உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா ரைஸ் மில் நடத்துகிறார். நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு மில் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். 2011இல் என் சித்தப்பா விபி6இல் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் இன்றும் ஓடுகிறது. டேட்டாபேஸ், எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ். நெல் வரவு, எடை மேடை எடை, அரைவை, அரிசி, தவிடு, உமி விற்பனை எல்லாம் அதில்தான். மில் ஆபீசில் உள்ள மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஒரு குறையும் இல்லை. சித்தப்பா இப்போது எங்களோடு இல்லை. சோர்ஸ் கோடு என்னிடம் இருக்கிறது, ஓரளவு படிக்க வருகிறது.

சில மாதங்களுக்கு முன் காஞ்சிபுரத்தில் ஓர் அரிசி மண்டி திறந்தோம். மில்லில் ஃபைபர் இணைப்பும் ஸ்டாட்டிக் ஐபியும் உண்டு. மண்டியில் 4ஜி சிம் போட்ட ரவுட்டர். நெட்வொர்க் வேலைக்கு வந்தவர் மில் ரவுட்டரில் 1433 போர்ட்டைத் திறந்துவிட்டு, மண்டி கம்ப்யூட்டரில் அந்த ஐபியைக் கொடுத்தார். இணைந்துவிட்டது. ஆனால் பில் திரை திறக்க 40 விநாடி ஆகிறது. இரண்டு சிப்பம் வாங்க வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். சிக்னல் விட்டால் புரோகிராம் எரர் காட்டி மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் மில்லிலும் கொஞ்ச நேரம் பில் போட முடிவதில்லை. நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? டேட்டாபேஸைக் க்ளவுடுக்கு மாற்றலாமா? மொத்தத்தையும் வெப்பில் புதிதாக எழுதிவிடுங்கள் என்கிறார் ஒருவர். அப்பா செலவை நினைத்துத் தயங்குகிறார். எது சரி?

— வாசகி, உத்திரமேரூர் வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மற்ற எதற்கும் முன்னால் ஒரு வேலை. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மில் ரவுட்டருக்குள் போய் அந்த 1433 போர்ட்டை மூடிவிடுங்கள். நாளை காலை மண்டியில் பில் புத்தகத்தில் கையால் எழுதினாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். 1433 என்பது எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான வாசல். இணையத்தில் உள்ள எல்லா ஐபி முகவரிகளிலும் இந்த வாசல் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உத்திரமேரூர் ரைஸ் மில்லும் ஒன்றுதான், அமெரிக்க வங்கியும் ஒன்றுதான். 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்ற கணினிப் புழு வெறும் 376 பைட் அளவில் இருந்துகொண்டு, பத்தே நிமிடத்தில் உலகெங்கும் பல்லாயிரம் எஸ்கியூஎல் சர்வர்களைப் பிடித்தது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். உங்கள் நிலை அதைவிட இக்கட்டானது. 2008 ஆர்2 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2019 ஜூலை 9ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். போடுவதற்குத் திருத்தமே வராத பூட்டு அது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதிப்பில் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், உள்ளே நுழையும் பாஸ்வேர்டு மட்டும் மறைத்து அனுப்பப்படும். அதற்குப் பிறகு போகும் விவசாயி பெயர், பாக்கித் தொகை, நெல் விலை எல்லாம் திறந்த தபால் அட்டை மாதிரிதான் பயணம் செய்யும். பாஸ்வேர்டும் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராம்கள் பலவற்றில் ‘எஸ்ஏ’ என்ற தலைமைக் கணக்கையே கோடுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் போர்ட்டை மூடிய கையோடு அதையும் மாற்றுங்கள். பிறகு ஒரு வெளி வன்தட்டில் முழு பேக்கப் எடுத்து, அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சோர்ஸ் கோடுக்கும் ஒரு நகல் எடுங்கள். சித்தப்பாவின் உழைப்பு ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக் கூடாது.

இனி அந்த 40 விநாடிக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை தானே வந்துவிடும்.

மில்லுக்குள் ஒரு கம்ப்யூட்டர் சர்வரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்க ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. இரண்டும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டவை. அதனால் சித்தப்பா கவலையில்லாமல் எழுதியிருப்பார்: வாடிக்கையாளர் பட்டியலை எடு, ஒவ்வொருவருக்கும் பாக்கியைக் கேள், ஒவ்வொரு அரிசி ரகத்துக்கும் விலையைக் கேள், இருப்பைக் கேள். திரை திறப்பதற்குள் 600 முறை கேட்டுப் பதில் வாங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லில் அது அரை விநாடிக்குள் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது.

காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் மண்டியிலிருந்து கிளம்பும் கேள்வி பஸ் போகும் வழியில் வருவதில்லை. 4ஜி டவர், அந்தக் கம்பெனியின் மையம், சென்னையிலோ அதற்கும் அப்பாலோ இரண்டு கம்பெனிகளின் வலைகள் சந்திக்கும் இடம், அங்கிருந்து உங்கள் ஃபைபர் கம்பெனி என்று சுற்றித்தான் வரும். போய்த் திரும்ப 65 மில்லி விநாடி ஆவது 4ஜியில் சாதாரணம். 600ஐ 65ஆல் பெருக்குங்கள். 39,000 மில்லி விநாடி, அதாவது 39 விநாடி. நீங்கள் எழுதிய 40 விநாடி ஏறத்தாழ இதுதான்.

இப்போது முதல் கேள்விக்கு விடை தெரிந்திருக்கும். 50 எம்பிபிஎஸ் இணைப்பை 200 ஆக்கினால் குழாய்தான் அகலமாகும், தூரம் குறையாது. ஒவ்வொரு கேள்வியும் சின்னது. அது குழாயில் இடமில்லாமல் நிற்கவில்லை, போய்த் திரும்புவதற்காகக் காத்து நிற்கிறது. காசைக் கொட்டினாலும் 40 விநாடி அப்படியே இருக்கும்.

க்ளவுடுக்கு டேட்டாபேஸை மட்டும் மாற்றினால்? மில்லில் இன்று பறந்துகொண்டிருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் சர்வர் தூரமாகிவிடும். மண்டியின் வியாதி மில்லுக்கும் வரும். இதை எத்தனையோ சிறு நிறுவனங்கள் பணம் கட்டிய பிறகுதான் கண்டுபிடிக்கின்றன. இந்த மாதிரிப் புரோகிராமும் அதன் டேட்டாபேஸும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். நகர்த்தினால் இரண்டையும் சேர்த்து நகர்த்துங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.

சிக்னல் போனால் மில்லிலும் பில் நிற்பதற்குக் காரணம் வேறு. மண்டியில் பில் போடத் தொடங்கியதும் புரோகிராம் சில வரிகளைப் பூட்டிவிடுகிறது. சேமித்ததும் பூட்டு திறக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால், எதிர்முனை போய்விட்டது சர்வருக்கு உடனே தெரியாது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டை விடும். அதுவரை மில்லில் இருப்பவர்களும் அதே வரிகளுக்காக நிற்க வேண்டியதுதான். கேபிள் அறுவதே அபூர்வமான ஆபீஸ் வலைக்காக எழுதிய பழக்கம் இது. அங்கே அதில் தவறில்லை.

உங்கள் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். உத்திரமேரூர் ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யாரும் கரையை வெட்டுவதில்லை. மதகைத் திறக்கிறார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு என்று நீர்க்கட்டி பார்த்து விடுகிறார். 1433ஐத் திறந்தது கரையை வெட்டிய வேலை. டேட்டாபேஸ் பேசும் பேச்சு வீட்டுக்குள் பேசும் பேச்சு, அதைத் தெருவுக்கு அனுப்பக் கூடாது. தெருவுக்கு அனுப்பத் தகுந்தவை இரண்டுதான்: ஒன்று, திரை. மற்றது, எழுதி முடித்த முழு பில்.

முதலில் திரை. இதை ஒரு வாரத்துக்குள் செய்துவிடலாம், கோடில் கை வைக்கவே வேண்டாம்.

மில் ஆபீசில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் உங்கள் புரோகிராமைப் போடுங்கள். மண்டியில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அந்தக் கம்ப்யூட்டரின் திரையைத் தன் திரையில் பார்த்து வேலை செய்வார். 600 கேள்விகளும் மில்லுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். இணையத்தில் போவது விசைத் தட்டல்களும் திரையில் மாறிய பகுதிகளும்தான். திரை அரை விநாடியில் திறக்கும். சிக்னல் போனாலும் பாதி எழுதிய பில் மில் கம்ப்யூட்டரில் அப்படியே நிற்கும், மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புரோகிராமுக்கு இணைப்பு அறுந்ததே தெரியாது. பூட்டு மட்டும் அந்த நேரம் முழுவதும் விடாமல் இருக்கும் என்பதால், மண்டியில் இணைப்பு நீண்ட நேரம் வராவிட்டால் மில்லில் ஒருவர் போய் அந்தத் திரையை மூடிவிட வேண்டும்.

ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389ஐயும் ரவுட்டரில் திறக்கக் கூடாது. அதைத் தட்டுகிற கூட்டம் 1433ஐத் தட்டுகிற கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. நடுவில் ஒரு விபிஎன் போடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் இலவசம், சிறியது, அமைக்க எளிது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒன்று: சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து தேடுபவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. மில்லில் ஒரு சாவி, மண்டியில் ஒரு சாவி. நாளை மண்டி லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

மண்டியில் 4ஜி என்பதால் ஒரு விளக்கம். மொபைல் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. உங்கள் ரவுட்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் உள்முகவரி. அதனால் வெளியிலிருந்து மண்டியை யாரும் கூப்பிட முடியாது. மண்டி மில்லைக் கூப்பிடலாம், இப்போதைக்கு அது போதும். ஆனால் மில் பக்கம் சாலை தோண்டி ஃபைபர் அறுந்து, மில்லும் சிம்முக்கு மாறினால் இருவருமே கூப்பிட முடியாதவர்கள் ஆகிவிடுவீர்கள். அதற்கு மும்பையிலோ சென்னையிலோ ஒரு சின்ன வாடகை சர்வரை எடுத்து, இருவரும் அங்கே போய்ச் சந்திக்கும்படி வயர்கார்டை அமைத்துவிடலாம். அதில் டேட்டா எதுவும் வைக்க வேண்டாம், சந்திக்கும் இடமாக இருந்தால் போதும்.

இரண்டு இடத்தில் சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாதாரண விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். மண்டியில் இரண்டாவது கவுன்டர் வைத்தால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு உரிமமும் வாங்க வேண்டும். கோப்பு ஒன்றை மாற்றினால் ஓசியில் பலர் நுழையலாம் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். அது உரிம விதிக்கு விரோதம், செய்யாதீர்கள். அடுத்தது பிரிண்டர். உங்கள் பில் டாட் மேட்ரிக்ஸில் போகிறது என்றே நினைக்கிறேன். புரோகிராம் விண்டோஸ் பிரிண்டர் வழியாக அச்சிட்டால், ரிமோட் டெஸ்க்டாப் மண்டியில் உள்ள பிரிண்டரை எடுத்துக்கொள்ளும். நேராக எல்பிடி1க்கு எழுதினால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுத வேண்டிவரலாம். கோடில் தேடிப் பாருங்கள்.

இனி இரண்டாவது வழி, எழுதி முடித்த பில்லை அனுப்புவது. இதற்குச் சில மாதங்கள் ஆகும். ஆனால் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் முடிவு, ஏனென்றால் நெட்டே இல்லாத நேரத்திலும் மண்டி வியாபாரம் செய்ய வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னுதாரணம் ரயில்வே. 1980களில் வந்த முன்பதிவு அமைப்பு, கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. 2002இல் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது அந்தப் பழைய அமைப்பை உடைத்துப் புதிதாகக் கட்டவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முன்னால் ஒரு புதிய வாசலை வைத்தார்கள். பயணி அந்த வாசலில் சொன்னதை, வாசல் உள்ளே போய்ச் சொல்லிப் பதில் வாங்கி வந்தது. பயணியின் கம்ப்யூட்டர் ரயில்வே டேட்டாபேஸை நேராகத் தொட்டதே இல்லை.

எதிர் உதாரணமும் உண்டு. தமிழகப் பதிவுத்துறை 2000இல் ‘ஸ்டார்’ திட்டத்தில் சார்பதிவாளர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது. 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ என்று எல்லாவற்றையும் இணையவழி மைய அமைப்புக்குக் கொண்டுபோனது. ஒரு மாநிலத்தின் அத்தனை பத்திரங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அரசுத் துறையின் பணமும் ஆளும் இருந்தன. உங்களுக்கு இருப்பது ஒரு மில், ஒரு மண்டி, நீங்கள். அதிலும் எடை மேடை காம் போர்ட்டில் பேசுகிறது. பிரௌசரிலிருந்து அதைத் தொடுவது தனி வேலை. மில்லில் நன்றாக ஓடுவதை வெப்பில் திரும்ப எழுதச் சொல்பவருக்கு இப்போதைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு சின்ன மதகு. மில் சர்வர் பக்கத்தில் ஒரு சிறு வெப் சர்வீஸ். அதற்குத் தெரிந்த வேலைகள் நாலைந்துதான்: விலைப்பட்டியல் கொடு, வாடிக்கையாளர் பாக்கி கொடு, இந்தப் பில்லை ஏற்றுக்கொள், இந்தச் சரக்கு வந்து சேர்ந்ததாகக் குறித்துக்கொள். மண்டியில் பில் திரை தன் கம்ப்யூட்டரிலேயே ஒரு சிறு டேட்டாபேஸில் பில்லை எழுதி, அச்சிட்டு, வாடிக்கையாளரை அனுப்பிவிடும். பிறகு முழு பில்லையும் ஒரே செய்தியாக மில்லுக்கு அனுப்பும். நெட் இல்லையென்றால் வந்ததும் அனுப்பும். 600 பயணம் ஒன்றாகிவிடும். பூட்டைப் போடுவதும் திறப்பதும் சர்வருக்குள்ளேயே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் விடாதீர்கள். பில் மில்லுக்குப் போய்ச் சேர்ந்து, ‘வந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால் என்ன ஆகும்? மண்டி மறுபடி அனுப்பும், ஒரே பில் இரண்டு முறை பதிவாகும், இருப்பு குறையும், வாடிக்கையாளர் பாக்கி ஏறும். இதற்காக ஒவ்வொரு பில்லுக்கும் மண்டியிலேயே திரும்ப வராத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் ‘ஏற்கெனவே வந்தது’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

பில் எண் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். ஜிஎஸ்டி விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. 16 எழுத்துக்குள், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், தொடர் எண்ணாக இருந்தால் சரி. மில்லுக்கு ஒரு வரிசை, மண்டிக்கு ஒரு வரிசை. இருப்பையும் அப்படியே பிரித்துவிடுங்கள். மண்டியைத் தனிக் குடோனாக வைத்து, மில்லிலிருந்து வண்டி ஏறும்போது இடமாற்றச் சீட்டு போட்டால், ஒரே பத்து சிப்பத்தை இரண்டு இடத்திலும் விற்கும் பிரச்சினையே எழாது. சாஃப்ட்வேரில் நாள் கணக்காக மல்லுக்கட்டும் சிக்கல் பலவும் இப்படிக் கணக்கு முறையிலேயே தீர்ந்துவிடும்.

பழைய புரோகிராமிலேயே குறைக்கக் கூடிய பயணங்களும் உண்டு. கோடில் ரெக்கார்ட்செட் திறக்கும் இடங்களில் ‘கர்சர் லொகேஷன்’ சர்வர் என்று இருக்கிறதா பாருங்கள். எதுவும் எழுதாவிட்டாலும் விபி6இல் அதுதான் வழக்க அமைப்பு. அதன் சில வகைகளில், ஒவ்வொரு வரிக்கு நகரும்போதும் சர்வருக்கு ஒரு பயணம் போகும். க்ளையன்ட் என்று மாற்றினால் பட்டியல் முழுதும் ஒரே தடவையில் வந்து சேரும். நகலில் மாற்றிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் பிறகு மில்லில் போடுங்கள்.

விவசாயிகளின் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால், அந்தக் காலத்து டாம், டாப் எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். விபி6 யூனிகோடைத் திரையில் நேராகக் காட்டத் தெரியாத மொழி. மில் திரையில் சரியாகத் தெரியும் பெயர், வெப் சர்வீஸ் வழியாகப் போனால் வேறு ஏதோ குறிகளாக வந்து நிற்கும். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மதகு கட்டும்போதே பெயர்களை யூனிகோடுக்கு மாற்றித் தனிப் பத்தியில் சேமித்துவிடுங்கள். நெல் போட்டவருக்குத் தன் பெயர் சிதைந்த ரசீதைக் கொடுக்கக் கூடாது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பாருங்கள். மில் ஆபீஸ் மேசைக்கடியில் இருந்த ஒரு சர்வரைத் திறந்தபோது, விசிறி தெரியாத அளவுக்கு உமித்தூசி அப்பியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இனி மண்டியும் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருக்கப்போகிறது. தூசி வராத அறை, யுபிஎஸ், தினமும் தானே எடுக்கும் பேக்கப், வாரம் ஒரு முறை மில்லுக்கு வெளியே போகும் ஒரு நகல். எக்ஸ்பிரஸ் பதிப்பையும் ஆதரவு உள்ள புதிய பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள், அதுவும் இலவசம்தான். உங்கள் 2008 ஆர்2இல் டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. 2011 முதல் சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்த வாரம் ஒரு கம்ப்யூட்டரும் வயர்கார்டும், அடுத்த சில மாதங்களில் ஒரு சிறு வெப் சர்வீஸ், எடை மேடைப் பக்கம் எந்த மாற்றமும் இல்லை. போர்ட்டை மூடிவிட்டு, பில் திரை, நெல் வரவுத் திரை, பாக்கிப் பட்டியல், இருப்புத் திரை ஆகிய நான்கும் திறக்கும்போது சர்வரிடம் எத்தனை முறை போய் வருகின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எந்தத் திரையை முதலில் தொடலாம் என்பதை அடுத்த இதழில் சொல்கிறேன்.